மெரெரின் நாற்பது பேர்

மெரெர் ஒரு படகுக் குழுவின் தலைவர். ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன், எகிப்தில் குஃபு மன்னரின் ஆட்சி முடியப்போகும் காலத்தில், அவருக்குக் கீழே சுமார் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். நைல் நதியின் கிழக்குக் கரையில் துரா என்னும் இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள். அந்தக் கல்லைப் படகில் ஏற்றி, மேற்குக் கரையில் கீசாவில் எழும்பிக்கொண்டிருந்த பிரமிடுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புவது மெரெர் ஆட்களின் வேலை. ஆற்றில் வெள்ளம் ஏறியிருக்கும் மாதங்களில் மாற்றி மாற்றி இதையே செய்தார்கள். கல் ஏற்றிய நாள், படகு கிளம்பிய நாள், இரவு தங்கிய இடம், கீசா போய்ச் சேர்ந்த நாள் எல்லாம் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. மேலே ஒரு வரியில் நாள் எண்கள். ஒவ்வொரு நாளுக்கும் கீழே இரண்டு பத்திகளில் அன்றைய வேலை. அதன் படத்தை முதலில் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் நான் எழுதிய வருகைப் பதிவேடு போலவே இருந்தது.

இந்தத் தாள்கள் கிடைத்தது கீசாவில் இல்லை. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், 2013இல், பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு கண்டெடுத்தது. அங்கே குன்றைக் குடைந்து நீள நீளமான கூடங்கள் செய்திருக்கிறார்கள். கடல் பயணம் முடிந்ததும் படகுகளைக் கழற்றி உள்ளே அடுக்கிவிட்டு, வாயிலைப் பெருங்கற்களால் அடைத்துவிட்டுப் போவார்கள். அப்படி அடைத்த கற்களுக்கிடையில்தான் தாள்கள் சிக்கிக் கிடந்தன. எழுத்து உள்ள பாப்பிரஸ்களில் இதைவிடப் பழையது இன்றுவரை கிடைக்கவில்லை. நாட்குறிப்போடு கணக்குத் தாள்களும் இருந்தன. வரவேண்டிய தானியம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த அன்றுதான், இனிமேல் தள்ளிப்போடக் கூடாது, கீசாவுக்குப் போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் அப்பா பல்லாவரம் பக்கத்தில் குவாரியில் கல்லுடைத்தவர். கருங்கல்லைத் தட்டிப் பார்த்தே அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு வைத்து, சம்மட்டியால் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வருவார். கடைசி அடியில் கல் தானாக விரியும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் பாடப் புத்தகங்களில் உள்ள படங்களைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். பிரமிடின் படத்தைப் பார்த்தவர், நெடுநேரம் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. "இதுல எம்மாம் கல்லு இருக்கும்?" என்று கேட்டார். பிறகு, "இதையெல்லாம் வெட்டினவன் பேரு எங்கேயாவது போட்டிருக்கா, கண்ணு?" என்றார். புத்தகத்தில் குஃபுவின் பெயர் மட்டும்தான் இருந்தது.

நான் வரலாறு படித்ததற்கும், அதையே பள்ளியில் சொல்லிக் கொடுத்ததற்கும் அந்தக் கேள்வி ஒரு காரணம். கீசாவை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அன்றைக்கு ஏற்பட்டதுதான். தம்பி தங்கைகளின் படிப்பு, கல்யாணம், வீட்டுக் கடன் என்று அது பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்றபின், 2019 ஜனவரியில், என் தங்கையோடு ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்து கிளம்பினேன். அப்பா அப்போது இல்லை.

பிரமிடைக் கட்டியவர்களைப் பற்றி உலகம் நெடுங்காலம் நம்பிவந்த கதை கிரேக்கர் ஹெரொடோட்டஸிலிருந்து தொடங்குகிறது. ஒரே சமயத்தில் ஒரு லட்சம் பேர், மூன்று மூன்று மாதமாக முறை வைத்து, இருபது ஆண்டு வேலை செய்தார்கள் என்று அவர் எழுதினார். அவர் எகிப்துக்குப் போனது கி.மு. 5ஆம் நூற்றாண்டில். அப்போதே பிரமிடுக்கு 2,000 வயது. அவருக்குக் கதை சொன்னவர்கள், குஃபுவிலிருந்து நாம் சங்க காலத்திலிருந்து இருக்கும் தொலைவில் இருந்தவர்கள். பிறகு சினிமா வந்தது. சாட்டையடி வாங்கிக்கொண்டு கல் இழுக்கும் அடிமைக் கூட்டம் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. அந்தச் சித்திரத்தில் எனக்கிருக்கும் பெரிய குறை, அதில் கல்வேலை தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை என்பது. முரட்டுப் பலம் மட்டும் இருந்தால் போதும், கல் தானாக வடிவத்துக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு கல்லையும் பிளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பேருந்து கீசா மேட்டில் ஏறி நின்றபோது காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. தொலைவிலிருந்து வழவழப்பாகத் தெரிந்தது, கிட்டே போகப் போகப் படிப்படியாக, கல் கல்லாகப் பிரிந்தது. அடித்தட்டுக் கற்களின் உயரம் என் மார்பைத் தொட்டது. ஒரு பக்கத்தின் நீளம் 230 மீட்டர். கட்டி முடித்தபோது உயரம் 146 மீட்டருக்குச் சற்று மேல். இப்போது சுமார் 138. மொத்தம் 23 லட்சம் கற்கள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். சராசரியாகக் கல் ஒன்று இரண்டரை டன். இருபது ஆண்டில் முடித்தார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் விடாமல் தினமும் 300க்கு மேல் கல் ஏற வேண்டும். பத்து மணி நேர வேலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். அப்பா கேட்ட முதல் கேள்விக்கு விடை இது.

உள்ளே அடைத்திருக்கும் கற்களில் பெரும்பாலானவை பிரமிடுக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் வெட்டியவை. மஞ்சள் கலந்த சாதாரணச் சுண்ணாம்புக்கல். வெளியே போர்த்தியதுதான் மெரெர் கொண்டுவந்த துரா வெள்ளைக்கல். அவருடைய குழு மாதத்துக்குச் சுமார் 200 கல் கொண்டுவந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் போர்வை இன்று இல்லை. 1303இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் பல கற்கள் சரிந்தன. அடுத்த நூற்றாண்டுகளில் கெய்ரோவின் மசூதிகளும் கோட்டைகளும் கட்ட அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். வடக்குப் பக்கத்தின் அடியில் சில கற்கள் தப்பியிருக்கின்றன. நான் முதலில் போய் நின்றது அங்கேதான். இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள இணைப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1880களின் தொடக்கத்தில் பிரமிடை அங்குலம் அங்குலமாக அளந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, இந்த இணைப்புகளின் சராசரி இடைவெளி அரை மில்லிமீட்டர் என்று எழுதினார். டன் கணக்கில் எடையுள்ள கற்களை அப்படிப் பொருத்தி, இடையில் சாந்தும் இட்டிருக்கிறார்கள். விரல் நகத்தை அந்தக் கோட்டின் மேல் ஓட்டிப் பார்த்தேன். தட்டவில்லை.

உள்ளே ஏறுவது என் வயதுக்குச் சிரமம்தான். முதல் ஏறுபாதையின் உயரம் 1.2 மீட்டர், முதுகை மடித்துக்கொண்டே போக வேண்டும். அது முடிந்ததும் சட்டென்று 8 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பெருங்கூடம் திறக்கிறது. இரண்டு பக்கச் சுவரும் ஏழு அடுக்காக, ஒவ்வொரு அடுக்கும் சற்று உள்ளே தள்ளி, மேலே போகப் போகக் குறுகுகின்றன. அதன் முடிவில் மன்னரின் அறை. சுவர், தரை, கூரை எல்லாமே சிவந்த கருங்கல். கூரையில் ஒன்பது பெரும் பாளங்கள்; மொத்த எடை சுமார் 400 டன். தெற்கு ஓரமாக அவற்றில் விரிசல் ஓடுகிறது. அந்தக் காலத்திலேயே விரிசல்களில் சாந்து பூசியிருப்பதைப் பெட்ரி கவனித்திருக்கிறார். தலைக்கு மேல் இன்னும் மலையளவு கல் ஏற வேண்டிய நேரத்தில் பாளம் கீறியிருக்கிறது. யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்து, சாந்து வைத்து, அது மேலும் விரிகிறதா என்று கவனித்திருக்கிறார்கள். எனக்கு மன்னரின் சவப்பெட்டியைவிட அந்த விரிசல் முக்கியமாகப் பட்டது. பெட்டியும் லேசுப்பட்டது இல்லை. ஒரே கருங்கல்லைக் குடைந்தது, ஒரு மூலை உடைந்திருக்கிறது. நாங்கள் ஏறி வந்த பாதையைவிட அகலம் அதிகம் என்பதால், அறையை மூடுவதற்கு முன்பே அதை உள்ளே வைத்துவிட்டுத்தான் மேலே கட்டியிருக்க வேண்டும். அதன் வெளிப்பக்கத்தில் வாளால் அறுத்த தடங்கள் உள்ளன.

செம்பு வாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் எஃகு உளி இருந்தது. தினமும் சாயங்காலம் கொல்லரிடம் கொடுத்து முனை தீட்டி வாங்கிக்கொள்வார். குஃபுவின் ஆட்களிடம் இரும்புக் கருவி கிடையாது. செம்பு உளி சுண்ணாம்புக்கல்லில் ஏறும், கருங்கல்லில் ஏறாது. ஆகவே செம்புத் தகட்டுக்கு அடியில் மணலைத் தூவித் தூவி இழுத்தார்கள். கல்லை அறுத்தது உண்மையில் மணல்தான். செம்பு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தானும் தேய்ந்தது. ஒரு பெட்டி அறுக்க எவ்வளவு செம்பு தேய்ந்து தூளாகியிருக்கும்! அந்தச் செம்பு வந்தது செங்கடலுக்கு அப்பால், சினாய் மலைகளிலிருந்து. வாடி அல்-ஜர்ஃப் துறைமுகம் இருந்ததே அதற்காகத்தான். துராவில் கல் ஏற்றிய மெரெரின் ஆட்களுடைய தாள்கள் செங்கடல் கரையில் கிடந்ததன் காரணமும் இதுதான்: ஒரே குழுவை வெள்ளக் காலத்தில் கல்லுக்கும், வேறு பருவத்தில் துறைமுகத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

கருங்கல் வந்தது அஸ்வானிலிருந்து, தெற்கே 800 கிலோமீட்டருக்கு அப்பால். எங்கள் பயணத்தில் அங்கேயும் போனோம். பழைய குவாரியில், பாறையோடு பாறையாக, முடிக்காமல் விட்ட ஒரு ஒற்றைக்கல் தூண் படுத்துக் கிடக்கிறது. குஃபுவுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியது. ஆனால் வேலை முறை பழையதே. சுமார் 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. விரிசல் விட்டதால் கைவிட்டார்கள். சுற்றிலும் வெட்டியிருக்கும் பள்ளத்தில் உளித் தடமே இல்லை. கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி குழிகுழியாக இருக்கிறது. டோலரைட் என்ற, கருங்கல்லையும் நொறுக்கும் உருண்டைக் கல்லைக் கையில் பிடித்து இடித்து இடித்து, பாறையைப் பொடியாக்கி அள்ளியிருக்கிறார்கள். ஒவ்வொரு குழியும் ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்த இடம். தூணை முழுசாகப் பார்க்க எல்லாரும் மேலே ஏறிப் போனார்கள். நான் பள்ளத்தின் ஓரத்திலேயே நின்று அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் உள்ளங்கை எனக்குத் தெரியும். எஃகு உளி பிடித்த கையே அப்படிக் காய்த்திருந்தது.

இனி அப்பாவின் இரண்டாவது கேள்வி: பெயர்கள். 1837இல் ஹோவர்ட் வைஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மன்னரின் அறைக்கு மேலே வெடிமருந்து வைத்துத் துளைத்துக்கொண்டு போனார். இன்று யாராவது அப்படிச் செய்தால் சிறையில் இருப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த சிறு அறைகளை அவர் கண்டார். கூரைமேல் வரும் பாரத்தைத் தாங்கிப் பிரித்துவிடுவதற்காகக் கட்டியவை அவை. யாரும் நுழைவதற்கு வழியே வைக்கவில்லை. ஆகவே சுவரைத் துடைத்துச் சுத்தம் செய்யவும் இல்லை. செங்காவியால் எழுதிய எழுத்துகள் அப்படியே இருந்தன. சில தலைகீழாக, சில பக்கவாட்டில். கல்லை வெட்டிய இடத்திலேயே எழுதி, பிறகு புரட்டி வைத்ததால் அப்படி. அவை வேலைக் கூட்டங்களின் பெயர்கள். குஃபுவின் நண்பர்கள் என்று ஒரு கூட்டம். பேரன் மென்காவ்ரேயின் பிரமிடில் வேலை செய்த ஒரு கூட்டம் தன்னை மென்காவ்ரேயின் குடிகாரர்கள் என்று சொல்லிக்கொண்டது. இது எங்கள் கல், நாங்கள் கொண்டுவந்து வைத்தது என்று ஒவ்வொரு கூட்டமும் அடையாளமிட்டிருக்கிறது. தனி ஆளின் பெயர் இல்லைதான். ஆனாலும் இந்தக் கூட்டப் பெயர்களில் ஒரு வீம்பு இருக்கிறது, ஒரு சந்தோஷமும் இருக்கிறது. குவாரியில் அப்பாவின் செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடந்த போட்டிகளைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால் அது எனக்குப் புரிகிறது.

நாங்கள் போன வருடத்தில் குஃபுவின் படகு பிரமிடின் தெற்குப் பக்கத்திலேயே இருந்தது. (2021இல் அதைப் புதிய பெரிய அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) 1954இல் ஒரு குழியில் கிடைத்தபோது அது 1,224 துண்டுகளாக இருந்தது. அகமது யூசெஃப் என்ற தொல்பொருள் பழுதுபார்ப்பவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கோத்துச் சேர்த்தார். 43 மீட்டர் நீளம், லெபனான் தேவதாரு மரம், பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். இது மன்னருக்கான படகு; மெரெரின் கல் படகு இத்தனை அழகாக இருந்திருக்காது. ஆனால் தச்சு வேலையின் அறிவு ஒன்றுதான்.

சிங்க உருவச் சிலையைப் பார்த்து முடித்ததும் குழு ஒட்டகச் சவாரிக்குக் கிளம்பியது. "அக்கா, எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க, நீ எங்கே போறே?" என்று தங்கை கூப்பிட்டாள். வழிகாட்டியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். சிலைக்குத் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பழைய மதில் நிற்கிறது. காகத்தின் மதில் என்று பெயர். நீளம் 200 மீட்டர், உயரமும் தடிமனும் பத்துப் பத்து மீட்டர். நடுவே ஒரு வாசல். அதற்கு அப்பால் மணல்வெளி. அந்த மணலுக்குக் கீழே தொழிலாளர்களின் ஊர் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மார்க் லேனரின் குழு 1988இலிருந்து தோண்டிக் கண்டது. கண்டதைப் பதிவு செய்துவிட்டு, கெட்டுப்போகாமல் இருக்க மறுபடியும் மணலால் மூடிவிடுகிறார்கள். இதுவரை தோண்டிய பகுதி பெரும்பாலும் குஃபுவின் மகன், பேரன் காலத்தது.

நீளமான கூடங்கள், ஒவ்வொன்றிலும் நாற்பது ஐம்பது பேர் வரிசையாகப் படுக்கலாம். மெரெரின் நாற்பது பேரை அங்கே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டேன். ரொட்டி சுடும் அடுப்பறைகள் 1991இல் கிடைத்தன. மணி வடிவ மண்பானைகளை அடுக்கிச் சூடேற்றி, மாவை ஊற்றி, மேலே இன்னொரு பானையைக் கவிழ்த்து, சுற்றிலும் தணல் போட்டு வேகவைத்திருக்கிறார்கள். ரொட்டியும் பீரும்தான் அன்றாடச் சாப்பாடு, கூலியும் அதுவே. குப்பை மேடுகளில் மீன் முள் மட்டுமல்ல, ஆடு மாடுகளின் எலும்பும் குவியலாகக் கிடைத்தது. மாடுகளில் பெரும்பாலானவை இரண்டு வயதுகூட நிரம்பாத காளைகள். கிழடு தட்டிய மாட்டை அடித்துப் போடவில்லை, இளங்கறி போட்டிருக்கிறார்கள். வேலை செய்தவர்கள் ஒரு லட்சம் பேர் இல்லை, சமைப்பவர், கருவி செய்பவர் எல்லாரையும் சேர்த்து 20,000 முதல் 25,000 பேர் இருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு.

இதை வைத்து, அவர்கள் விருப்பப்பட்டு வந்த சுதந்திரமான தொழிலாளர்கள் என்று சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. வாங்கி விற்கும் அடிமைகள் இல்லை, சரி. ஆனால் ஊருக்கு இத்தனை பேர் என்று அரசாங்கம் ஆள் எடுத்தது; வரமாட்டேன் என்று சொல்ல வழி இருக்கவில்லை. நன்றாகச் சாப்பாடு போட்டார்கள் என்பதும் உண்மை, உடம்பை முறித்தார்கள் என்பதும் உண்மை. மதிலுக்கு மேற்கே உள்ள சரிவில் கிடைத்த எலும்புக்கூடுகளே சாட்சி. 1990இல் அங்கே ஒரு குதிரையின் கால் இடறி, மணலுக்குள்ளிருந்த மண்கல் சுவர் ஒன்று தெரிந்தது. எகிப்திய ஆய்வாளர் ஜாஹி ஹவாஸின் குழு தோண்டியபோது வரிசை வரிசையாகத் தொழிலாளர் கல்லறைகள். ஆண், பெண் இருவரின் கீழ் முதுகெலும்பிலும் முழங்கால் மூட்டிலும் பாரம் சுமந்த தேய்மானம். முறிந்து, சிம்பு வைத்துக் கட்டி, நேராகக் கூடிய கை எலும்புகள் நிறைய. கை கால் எடுக்கப்பட்டபின் பல ஆண்டு வாழ்ந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். எலும்பைச் சரியாகக் கட்டத் தெரிந்த வைத்தியர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். பல்லாவரத்தில் அப்பாவோடு வேலை செய்தவர்களில் முறிந்த கை கோணலாகவே கூடியவர்கள் இருந்தார்கள்.

அந்தச் சரிவை வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. சின்னச் சின்ன மண்கல் மேடுகள், சிலவற்றுக்கு வளைந்த கூரை. மன்னர் வேலையில் மிஞ்சிய சுண்ணாம்புக்கல், கருங்கல் துண்டுகளைப் பொறுக்கிவந்து தங்கள் கல்லறையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேட்டின் மேல்பகுதியில் மேஸ்திரிகளின் பெரிய கல்லறைகள். அங்கே தனி ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன, பதவிகளோடு: பிரமிடின் ஒரு பக்கத்துக்கு மேற்பார்வையாளர், தொழிலாளர்களின் தலைவர். இன்டி-ஷெது என்பவர் தன்னுடைய சிலைகள் நான்கைச் செய்து வைத்திருந்தார். பெட்டெட்டி என்பவரும் அவர் மனைவியும் தங்கள் கல்லறை வாசலில் சாபம் எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லறைக்குக் கெடுதல் செய்பவனை முதலை, நீர்யானை, சிங்கம் மூன்றும் தின்னட்டும் என்பது அதன் பொருள். தங்கைக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தபோது வழிகாட்டி குறுக்கிட்டார். கல்லறைகளைத் தோண்டியதில் பக்கத்து ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள் என்றும், அவருடைய தாத்தா வழி உறவினர் ஒருவரும் அதில் மண் சுமந்தார் என்றும் சொன்னார். அந்த உறவினரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.